எக்ஸ் என்க

நுண்கணிதப் பாடப்புத்தகங்களில் ஒரு படகுக்காரர் உண்டு. எந்த ஊர்ப் புத்தகத்தைத் திறந்தாலும் இருப்பார். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீரில், துடுப்போடு உட்கார்ந்திருப்பார். அவர் போக வேண்டிய ஊர் நேர் எதிரே இருக்காது, கரையோரமாகச் சில கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கும். துடுப்பு போட்டால் ஒரு வேகம், இறங்கி நடந்தால் வேறொரு வேகம். சீக்கிரம் ஊர் போய்ச் சேர அவர் கரையில் எந்த இடத்தில் இறங்க வேண்டும்? சில புத்தகங்களில் படகுக்காரருக்குப் பதிலாக ஒரு உயிர்காப்பாளர் மணலில் ஓடிக் கடலில் குதிப்பார். சிலவற்றில் ஒரு கம்பெனி ஆற்றுக்கு அடியில் ஒரு செலவிலும் தரைக்கு அடியில் வேறு செலவிலும் கேபிள் பதிக்கும். ஆள் மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயப்படாத மாணவர் குறைவு. ஆனால் அந்தப் பயம் நுண்கணிதத்தைப் பற்றியது கிடையாது. வகையிடுவதைக் கையால் பழகிவிடலாம். சைக்கிள் மாதிரிதான், ஒரு மாதம் தினமும் இருபது கணக்கு போட்டால் விரல் தானாக எழுதும். பயம் அதற்கு முந்தின படியில் இருக்கிறது. மற்ற கணக்குகளில் சார்பைச் சமைத்துத் தட்டில் வைத்துவிடுவார்கள், நாம் சாப்பிட்டால் போதும். இந்தக் கணக்கில் நாலு வரிக் கதை மட்டும் இருக்கும். அதிலிருந்து சார்பை நாம்தான் எடுக்க வேண்டும்.

தீர்வு எழுதியிருக்கும் கைடுகளில் முதல் வரி எப்போதும் வானத்திலிருந்து விழும்: 'இறங்கும் தூரம் எக்ஸ் என்க.' ஏன் அது எக்ஸ், ஏன் வேறொன்று எக்ஸ் இல்லை என்று எந்த கைடும் சொன்னதில்லை. 'என்க' என்பது வியங்கோள். வாழ்க, ஒழிக, வருக மாதிரி. இன்றைக்கு மேடையையும் சுவரொட்டியையும் விட்டால் அந்த வினைவடிவம் அதிகம் புழங்கும் இடம் தமிழ்வழிக் கணக்குப் புத்தகம்தான் என்று நினைக்கிறேன். ஒரு கட்டளையின் தோரணையில் வருவதால், அது ஒருவர் யோசித்து எடுத்த முடிவு என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

அக்கா மகள் இந்த வருஷம் பன்னிரண்டாம் வகுப்பு. நாகப்பட்டினம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர், தமிழ்வழிப் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, நோட்டு தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வாள். வகையிடுவதில் என்னைவிட வேகம். நான் வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, சங்கிலி விதி கையை விட்டுப் போய்விட்டது. அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி வருகிறது. ஆனால் அன்றைக்கு இந்தப் படகுக்காரரிடம் நின்றுவிட்டாள்.

"மாமா, இதுல சார்பே குடுக்கல."

கணக்கு இது: படகு கரையிலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. படகுக்கு நேர் எதிரே கரையில் இருக்கும் புள்ளியிலிருந்து ஊர் 6 கிலோமீட்டர். துடுப்பு போட்டால் மணிக்கு 3 கிலோமீட்டர், நடந்தால் மணிக்கு 5 கிலோமீட்டர்.

"முதல்ல படம் போடு" என்றேன். கரைக்கு ஒரு நேர்கோடு. படகிலிருந்து கரைக்கு ஒரு செங்குத்துக் கோடு. அந்தப் பக்கம் ஊருக்கு ஒரு புள்ளி. போட்டாள்.

"இப்ப அவர் கையில என்ன இருக்கு?"

"துடுப்பு."

"ஏய். அவரால எதை மாத்த முடியும்னு கேக்குறேன்."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வேகம் கொடுத்துவிட்டார்கள், மாற்ற முடியாது. ஊர் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். படகும் நிற்கிற இடத்தில் நிற்கிறது. ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தாள்.

"எங்க இறங்குறதுங்கிறத மட்டும்தான்."

"அப்ப அதுதான் எக்ஸ்."

அடுத்த கேள்வி உடனே வந்தது. எங்கிருந்து அளப்பது? நேர் எதிர்ப் புள்ளியிலிருந்தா, ஊரிலிருந்தா? எங்கிருந்து அளந்தாலும் படகுக்காரர் ஒரே இடத்தில்தான் இறங்குவார். ஆனால் எதிர்ப் புள்ளியிலிருந்து அளந்தால் வர்க்கமூலத்துக்குள் எக்ஸ் தனியாக இருக்கும், நடக்கும் தூரம் 6 − எக்ஸ் ஆகும். ஊரிலிருந்து அளந்தால் நடக்கும் தூரம் வெறும் எக்ஸ், ஆனால் 6 − எக்ஸ் போய் வர்க்கமூலத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். சிக்கல் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு பண்ணலாம், சிக்கலே இல்லாமல் பண்ண முடியாது. அவள் எதிர்ப் புள்ளியை எடுத்தாள்.

தண்ணீரில் போகும் தூரம் செங்கோண முக்கோணத்தின் கர்ணம்: √(எக்ஸ்² + 4). கரையில் நடக்கும் தூரம்: 6 − எக்ஸ். இரண்டையும் கூட்டப் போனாள். அங்கேதான் கணக்கின் முதுகெலும்பு. தண்ணீரில் ஒரு கிலோமீட்டரும் கரையில் ஒரு கிலோமீட்டரும் ஒரே விலை கிடையாது. தண்ணீரில் ஒரு கிலோமீட்டருக்கு 20 நிமிடம், கரையில் ஒரு கிலோமீட்டருக்கு 12 நிமிடம். இரண்டு நாட்டுப் பணத்தைக் கூட்டுவதற்கு முன் ஏதாவது ஒரு பணமாக மாற்றுகிற மாதிரி, இரண்டு தூரத்தையும் நேரமாக மாற்றிய பிறகுதான் கூட்ட முடியும்.

நேரம் = √(எக்ஸ்² + 4) ÷ 3 + (6 − எக்ஸ்) ÷ 5

கூடவே ஒரு வரி: எக்ஸ் 0-க்கும் 6-க்கும் இடையில். இவ்வளவுதான் சார்பு. இதற்குப் பிறகு அவளுக்கு நான் தேவைப்படவில்லை. வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்து, இரண்டு பக்கமும் வர்க்கப்படுத்தி, எக்ஸ் = 1.5 என்று எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு முனைகளையும் சரிபார்த்தோம். நேராகக் கரைக்கு வந்து 6 கிலோமீட்டரும் நடந்தால் 112 நிமிடம். ஊர்வரைக்கும் துடுப்பு போட்டே போனால் 126 நிமிடத்துக்கு மேல். ஒன்றரை கிலோமீட்டரில் இறங்கினால் 104 நிமிடம்.

விடை வந்ததும் நோட்டை மூடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. எண்களை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தவள், "மாமா, 6-ஐ 60-ஆ மாத்தினாலும் அதே ஒன்றரைதான் வருது. ஊர் காணாமப் போச்சு" என்றாள்.

உண்மைதான். வகையிடும்போது 6 ஒரு மாறிலி, உதிர்ந்துவிடுகிறது. ஆனால் உதிர்ந்தது என்று சொன்னால் காரணம் புரியாது. இறங்கும் இடத்தைக் கொஞ்சம் ஊர்ப்பக்கம் நகர்த்தினால் இரண்டு விஷயம் நடக்கிறது. நடக்கும் தூரம் குறைகிறது, துடுப்பு போடும் தூரம் கூடுகிறது. குறைவதும் கூடுவதும் சமமாகும் இடம்தான் விடை. ஊர் இன்னும் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனால், எங்கே இறங்கினாலும் அந்த ஐம்பதை நடந்துதான் ஆக வேண்டும். அதனால் இந்தப் பேரத்தில் அதற்குப் பங்கு இல்லை. படகு போகும் கோணத்தை மட்டும் பார்த்தால், எதிர்ப்பக்கம் 1.5, கர்ணம் 2.5. சைன் மதிப்பு 0.6. அது 3-ஐ 5-ஆல் வகுத்தது. இரண்டு வேகங்களின் விகிதம் மட்டும்தான் கோணத்தைத் தீர்மானிக்கிறது.

ஊர் ஒரு கிலோமீட்டரில் இருந்தால்? அப்போதும் சமன்பாடு கண்ணை மூடிக்கொண்டு ஒன்றரை என்றுதான் சொல்லும். ஊரைத் தாண்டிப் போய் இறங்கச் சொல்லும், நடக்கும் நேரம் மைனஸில் வரும். அந்த 'எக்ஸ் இதற்கும் இதற்கும் இடையில்' என்ற வரியை எழுதியிருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். நேராக ஊருக்கே துடுப்பு போடு என்பதுதான் அப்போது விடை.

*

அந்த 0.6 சும்மா வந்த எண் இல்லை. பிரான்ஸில் தூலூஸ் நகர நீதிமன்றத்தில் ஆலோசகராக இருந்த ஃபெர்மா, 1662-இல் ஒளியைப் பற்றி இதே கணக்கைப் போட்டார். காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது ஒளி ஏன் வளைகிறது? சைன் விகிதத்தில் வளைகிறது என்பதை தேகார்த் 1637-லேயே அச்சிட்டிருந்தார். ஆனால் அவர் காட்டிய காரணப்படி, அடர்த்தியான பொருளில் ஒளி சுலபமாக, விரைவாகப் போகிறது என்றாகும். ஃபெர்மாவுக்கு அது ஒப்பவில்லை. தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகிறது என்று வைத்துக்கொண்டார். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போக மிகக் குறைந்த நேரம் ஆகும் வழியைத் தேடினார். வேறு விதி வரும் என்று எதிர்பார்த்தவருக்கு அதே சைன் விதி வந்து நின்றது. தண்ணீரில் ஒளி மெதுவாகத்தான் போகிறது என்று ஃபூக்கோ 1850-இல் ஆய்வகத்தில் காட்டினார். லைப்னிட்ஸ் 1684-இல் தன் புதிய வகை நுண்கணிதத்தை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய கட்டுரையில், அதன் பலத்தைக் காட்ட எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இந்த ஒளிவிலகலும் ஒன்று. ஆக, படகுக்காரர் நுண்கணிதத்தோடு கூடப் பிறந்தவர்.

ஃபெர்மாவின் காலத்திலேயே ஒரு நல்ல மறுப்பு வந்தது. தேகார்த்தின் சீடர் கிளேர்செலியே கேட்டார்: எந்த வழி விரைவானது என்று ஒளிக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும்? இயற்கைக்குத் தேர்ந்தெடுக்கும் அறிவு உண்டா? படகுக்காரருக்கு ஊர் தெரியும், மனம் உண்டு. அவருக்கு ஒரு எக்ஸ் இருப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒளிக்கு எக்ஸ் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குச் செல்லமான ஒரு பின்கதை உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கணிதப் பேராசிரியராக இருந்த டிம் பென்னிங்ஸ், எல்விஸ் என்ற தன் கோர்கி நாயை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய்ப் பந்தைத் தண்ணீரில் எறிவார். நாய் நேராக நீந்தாது. கரையோரமாகக் கொஞ்சம் ஓடி, ஒரு இடத்தில் சட்டென்று திரும்பிக் குதிக்கும். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி அளந்தார். ஓட்டம் விநாடிக்கு 6.40 மீட்டர், நீச்சல் 0.910 மீட்டர். கணக்கு சொன்ன இடமும் நாய் குதித்த இடமும் நன்றாகவே ஒத்துப்போயின. 2003-இல் கட்டுரையாக வந்தது. ஒரு சாதாரணப் பல்லுறுப்புக்கோவையைக்கூட வகையிட எல்விஸுக்கு வராது என்று அதில் அவரே கிண்டலாக ஒப்புக்கொள்கிறார். மூன்று வருஷம் கழித்து வேறு இருவர் ஒரு விளக்கம் சொன்னார்கள். நாய் முழு வழியையும் கணக்குப் போட வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கணத்தில் ஓட்டம் என்னைப் பந்துக்கு வேகமாகக் கொண்டுபோகிறதா, நீச்சலா என்று பார்த்தால் போதும். அதே இடம்தான் வரும். 2013-இல் எறும்புகளை வைத்தும் செய்து பார்த்தார்கள். வழுவழுப்பான தரையும் சொரசொரப்பான தரையும் சேரும் கோட்டில் எறும்புச் சாரி, ஒளி மாதிரியே வளைந்து போனது.

சார்பை எழுதாமலே விடைக்குப் பக்கத்தில் போக முடியும் என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம். ஏன் முடிகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. படகுக்காரர் ஒன்றரைக்குப் பதிலாக ஒரு கிலோமீட்டரில் இறங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அரைக் கிலோமீட்டர் பிசகு. ஆகும் நேரம் 104.7 நிமிடம். இரண்டு கிலோமீட்டரில் இறங்கினால் 104.6 நிமிடம். ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. சிறுமத்துக்குப் பக்கத்தில் தரை கிட்டத்தட்ட சமதளம். கெப்ளர் 1615-இல் மதுப் பீப்பாய்களின் கொள்ளளவைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார்: உச்சத்துக்கு அருகில் மாற்றங்கள் உணரமுடியாத அளவுக்குச் சிறியவை. சிறந்த இடத்தைத் துல்லியமாகப் பிடிக்காவிட்டாலும் உலகம் நம்மைப் பெரிதாகத் தண்டிப்பதில்லை. நாயும் எறும்பும் பிழைத்துக் கிடப்பதில் இந்தச் சமதளத்துக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும்.

*

அன்றைக்கு வீடியோவின் பின்னணியில் மச்சான் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைபர் படகு வைத்திருக்கிறார். நாங்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"ஏன் மாப்ள, படக அங்கயே போட்டுட்டு ஊருக்கு நடக்கச் சொல்றீங்களா?"

"கணக்குல அப்படித்தான் மச்சான்."

"வலைய யாரு தூக்குறது? மீன யாரு தூக்குறது? மறுநா விடியக்கால நாலரை கிலோமீட்டர் திரும்ப நடந்து வந்து படக எடுக்கணுமா? அதுக்கு ஆகுற நேரத்த எங்க எழுதிருக்கீங்க?"

"பரீட்சையில அதெல்லாம் எழுதினா மார்க் போட மாட்டாங்கப்பா" என்று மகள் கத்தினாள். அவர் விடவில்லை. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் அலை எப்படி உடைகிறது என்று பார்த்தீர்களா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வாடைக் காற்றா கொண்டலா, ஏற்றிப் போட இழுத்துக்கொடுக்க அங்கே ஆள் இருக்குமா. வரிசையாகக் கேட்டார்.

அவர் கேட்டதில் கேலி பாதிதான். நடந்து வந்து படகெடுக்கும் 54 நிமிடத்தைச் சேர்த்தால் விடை வேறு. அலை உடையும் இடங்களை விலக்கினால் எக்ஸ் எடுக்கக்கூடிய மதிப்புகளே வேறு. புத்தகத்துக் கணக்கு தப்பில்லை. அது ஊர் போய்ச் சேர்ந்த நிமிடத்தோடு கடிகாரத்தை நிறுத்திவிடுகிறது, மச்சானின் கடிகாரம் மறுநாள் காலைவரை ஓடுகிறது. எங்கே நிறுத்துவது என்பது வகையிடுவதற்கு முன்பே எடுத்துவிட்ட முடிவு. எவ்வளவு கவனமாக வகையிட்டாலும் அதைத் திருத்த முடியாது. எக்ஸில் அரைக் கிலோமீட்டர் பிசகை மன்னிக்கிற அதே கணக்கு, சார்பில் விட்டுப்போன ஒரு உறுப்பை மன்னிப்பதில்லை.

என் வேலையே பயண நேரம் எழுதுவதுதான். சரக்கு லாரிகளுக்கு வழி சொல்லும் மென்பொருளில் ஒரு பகுதி. குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் முறையை டைக்ஸ்ட்ரா 1959-லேயே அச்சிட்டுவிட்டார். இரண்டு மூன்று பக்கக் கட்டுரை. கல்லூரியில் ஒரு வகுப்பில் முடிந்துவிடும். அந்த முறை கேட்பது ஒன்றுதான்: ஒவ்வொரு சாலைத் துண்டுக்கும் எவ்வளவு நேரம்? அந்த எண்ணை எழுதத்தான் எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளம்.

அந்த எண்ணுக்கும் நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு விதி சொன்னார்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், கூடவே ஏறும் ஒவ்வொரு இரண்டாயிரம் அடிக்கும் இன்னொரு மணி நேரம். வரைபடத்தில் தட்டையாகத் தெரியும் தூரத்தோடு, முழங்கால் உணரும் உயரத்தையும் ஒரு உறுப்பாகச் சேர்த்தார். அமெரிக்கச் சாலைத் துறை 1964-இல் கொடுத்த சூத்திரம் இன்னொரு உறுப்பைச் சேர்த்தது: கூட்டம். காலியான சாலையில் ஆகும் நேரத்தை எடுத்துக்கொள். வண்டிகளின் எண்ணிக்கையைச் சாலையின் கொள்ளளவால் வகு. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 0.15-ஆல் பெருக்கி, ஒன்றோடு கூட்டி, அந்த நேரத்தோடு பெருக்கு. கொள்ளளவு நிரம்பினால் நேரம் 15 சதவீதம் கூடும். கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு வண்டி வந்தால் 3.4 மடங்கு ஆகும். இதில் வேகம் மாறிலி கிடையாது, மற்றவர்களைப் பொறுத்தது. என் லாரி ஒரு சாலைக்குள் நுழைந்தால் பின்னால் வருகிற எல்லாருக்கும் ஒரு துளி தாமதம். ஆனால் என் லாரிக்காக நான் எழுதும் நேரத்தில் அந்தத் துளிகள் வருவதில்லை. அவை வேறு யாருடைய சார்பிலோ இருக்கின்றன.

*

அக்காவுக்கு மூத்தது பையன். கடல் வேண்டாம் என்று சென்னைக்கு வந்தவன். பத்து நிமிடத்தில் மளிகை கொண்டுவந்து தரும் ஒரு ஆப்பில் பைக் ஓட்டுகிறான். அவனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு ராத்திரிதான் இந்தச் சமன்பாட்டை இன்னொரு பக்கத்திலிருந்தும் படிக்கலாம் என்று தோன்றியது.

படகுக்காரருக்கு வேகங்கள் கொடுக்கப்பட்டவை. தூரம் கொடுக்கப்பட்டது. நேரம் என்பது கணக்கின் கடைசியில் வரும் விடை. எவ்வளவு ஆகிறதோ அவ்வளவு. பைக்கில் போகிறவனுக்கு நேரத்தை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். வாடிக்கையாளரின் திரையில் அது எண்ணாகக் குறைந்துகொண்டே வருகிறது. தூரம் கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதையும் மாற்ற முடியாது. அதே சமன்பாட்டில் மிச்சம் இருப்பது வேகம் மட்டும். புத்தகத்தில் மாறிலியாக இருந்த ஒன்று இங்கே மாறியாகிவிடுகிறது. யாரும் 'வேகம் எக்ஸ் என்க' என்று சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் ஆணியடித்துவிட்டால், அடிக்காத ஒன்று தானாக எக்ஸ் ஆகிவிடும்.

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 நிமிடம். கடையில் எடுத்துக் கட்டிக் கொடுக்க 3 நிமிடம். போய்ச் சேர்ந்த இடத்தில் கேட், செக்யூரிட்டி, லிஃப்ட், படி எல்லாம் சேர்த்து 2 நிமிடம். சாலைக்கு மிச்சம் 5 நிமிடம். தூரம் இரண்டரைக் கிலோமீட்டர். சராசரியாக மணிக்கு 30 கிலோமீட்டர் போனால் போதும். பயமுறுத்தும் எண் இல்லை. இப்போது கடையில் ஒரு நிமிடம் தாமதம் ஆகிறது. 4 நிமிடம் மிச்சம், வேகம் 37.5. ஒரு சிக்னலில் ஒரு நிமிடம் நிற்கிறான். 3 நிமிடம் மிச்சம், வேகம் 50. இன்னொரு சிக்னல். 2 நிமிடம், 75.

முதல் நிமிடம் போனபோது ஏழரை கூடியது. இரண்டாவதுக்குப் பன்னிரண்டரை. மூன்றாவதுக்கு இருபத்தைந்து. தூரத்தை நேரத்தால் வகுக்கிற இந்தச் சார்பில் சமதளம் எங்கேயும் கிடையாது. நேரம் குறையக் குறையச் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. படகுக்காரர் அரைக் கிலோமீட்டர் பிசகினால் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் இழப்பார். இங்கே யாரோ இழந்த ஒரு நிமிடத்துக்கு, பைக்கில் இருக்கிறவன் தன் உடம்பை வைத்துப் பதில் சொல்கிறான். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க ஆகும் தூரம் வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 30-இலிருந்து 50-க்குப் போனால் கிட்டத்தட்ட 2.8 மடங்கு. தெருவில் இதற்கு ஒரே ஒரு நடைமுறைத் தீர்வுதான் உண்டு, அந்த இரண்டாவது சிக்னலில் நிற்காமல் போவது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒழுங்கீனமாகத் தெரிகிறது. நானும் காரில் உட்கார்ந்து பார்க்கும்போது அப்படித்தான் எரிச்சலாகிறேன். ஆனால் கணக்காகப் பார்த்தால், நான்கு பேர் கையில் இருந்த நேரத்தின் மொத்தக் கடனும் ஐந்தாவது ஆளின் ஆக்ஸிலரேட்டரில் வந்து முடிகிறது.

அவன் ஒருமுறை விழுந்திருக்கிறான். மழை, வளைவு, மணல். முழங்கையில் தையல். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றான், அக்காவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றைக்கு எத்தனை நிமிடம் மிச்சம் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். மகளுக்கு அடுத்த வாரம் திருப்புதல் தேர்வு. திண்ணையில் உட்கார்ந்து அதே மாதிரிக் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அண்ணன் பக்கத்தில் கரும்பு கடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உன் வேலைய வச்சு ஒண்ணு எழுதலாமா?"

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவள் கூட்டல் குறி போட்டு எழுதிக்கொண்டே வந்தாள். ஆர்டர் விழுந்ததும் கடை வாசலில் நிற்கும் நேரம். பை கொடுக்கும் நேரம். சாலை. சிக்னல். கேட்டில் பேர் எழுதும் நேரம். சில அப்பார்ட்மென்ட்டில் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும், அது எப்போதும் மேலேயே நிற்கும், அந்த நேரம். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. போன் எடுக்காதவர்கள். ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. பிறகு அவளுக்குப் பழக்கமான கேள்வியைக் கேட்டாள்.

"இதுல உன் கையில இருக்கிறது எது? எக்ஸ் எது?"

அவன் கரும்புச் சக்கையைத் துப்பிவிட்டு யோசித்தான். "ஆர்டர எடுக்குறதா விடுறதான்னு மட்டுந்தான். அதுவும் ரெண்டு மூணு விட்டா அப்புறம் வர்றது குறைஞ்சுரும்."

அவள் எழுதினாள்: எக்ஸ் = 0 அல்லது 1. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது ரெண்டு புள்ளிதாண்ணே. இத வகையிட முடியாது."

"முடியாட்டி விடு" என்றான். பிறகு அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, பட்டியலின் கடைசியில் ஒரு கூட்டல் குறி போட்டு, பள்ளிக்கூடத்து எழுத்தில் தானே ஒன்றை எழுதினான். எட்டிப் பார்த்தேன். 'திரும்பி கடைக்கு வர்ற நேரம்.'

"இத எந்தத் திரையிலயும் காட்டாது மாமா" என்றான். உள்ளே இருந்து மச்சான் குரல் கொடுத்தார்: "அதத்தாண்டா நான் அன்னைக்கே கேட்டேன்."